தெருக்காட்சி அஞ்சலட்டைகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவன அரசாங்க ஆவணங்கள், நகராட்சி அறிக்கைகள், நாளேடுகள், நிலப் பதிவேடுகள் முதலியனவேயாகும். அவற்றில் ஆளுநரின் பெயர் இருக்கும். வரி செலுத்திய வணிகரின் பெயர் இருக்கும். வழக்கில் சிக்கிய ஏழையின் பெயரும் சில வேளைகளில் இருக்கும். ஆனால் நாள்தோறும் தெருவைக் கூட்டியவர், மாட்டு வண்டி ஓட்டியவர், அஞ்சடியில் அமர்ந்து வெற்றிலை விற்றவர், பாற்குடம் சுமந்து சென்றவர் ஆகியோர் அந்த ஏடுகளில் எண்ணிக்கையாக மட்டுமே இடம் பெறுவர். அவர்களை உருவத்தோடும் உடையோடும் நம் முன் நிறுத்தும் சான்று ஒன்று உண்டு. வரலாற்றுக்காக அன்றி வணிகத்துக்காகவே அச்சிடப்பட்டு, கடைகளில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட பட அஞ்சலட்டையே அது. பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகரங்களின் தெருக்களைக் காட்டும் பழைய அட்டைகளைத் தேடித் திரட்டுவோர் இன்று பலராவர். அவற்றை நாடுவோரில் தமிழர் சிலரே. அவற்றுள் காணப்படும் மனிதர்களிலோ தமிழர் பலர். இம்முரண்பாடு எண்ணிப் பார்க்கத்தக்கது.

அஞ்சலட்டை என்னும் கருத்து பழமையானதன்று. 1869 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமானுவேல் ஹெர்மான் என்னும் ஆஸ்திரியப் பொருளியல் பேராசிரியர், நான்கு வரிச் செய்திக்காக உறை, தாள், அரக்கு, முழுக் கட்டணம் என இத்தனையும் செலவிடுவது வீண் என்று எடுத்துரைத்தார். அதனை ஏற்று, அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் நாள் ஆஸ்திரிய-ஹங்கேரிய அஞ்சல்துறை உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. அடுத்த மாதமே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள். ஆயினும் கீழை நாட்டுத் துறைமுக நகரங்களின் படங்கள் அட்டையில் ஏறி ஐரோப்பியரின் வீடு போய்ச் சேர்ந்ததற்கு இரண்டுமே காரணமாயின. பிரிட்டன் 1870 ஆம் ஆண்டிலும் இந்தியா 1879 ஆம் ஆண்டிலும் அஞ்சலட்டையை ஏற்றன. இந்தியாவில் வெளிவந்த காலணா அட்டை மிக விரைவில் மக்கள் வழக்கில் 'கார்டு' என்று நிலைபெற்றது. பிறந்தது, இறந்தது, பணம் வந்தது, வரவில்லை என்ற செய்திகளையெல்லாம் சுமந்த அந்த அட்டையில் படம் எதுவும் இல்லை.

படம் வந்த கதை வேறு. தொடக்கத்தில் அஞ்சலட்டை அச்சிடும் உரிமையை அரசாங்கங்கள் தம்மிடமே வைத்திருந்தன. தனியார் அச்சிட்ட அட்டைகளின்மேல் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பப் பிரிட்டன் 1894 ஆம் ஆண்டில்தான் இசைந்தது. அதன்பின் படம் அச்சிடும் வணிகம் பெருகியது. ஆயினும் அட்டையின் ஒருபுறம் முழுவதும் முகவரிக்கே உரியது என்ற விதி நீங்கவில்லை. எனவே செய்தி எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்திலோ, அடியில் விடப்பட்ட வெற்றிடத்திலோ, சில நேரம் வானத்தின் மீதோ எழுத வேண்டியிருந்தது. 1902 இல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் செய்திக்கு விட்டுக் கொடுத்தது. 1906 இல் உரோமில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாடு இம்முறையைப் பன்னாட்டு அஞ்சலுக்கும் ஏற்றது. இதனால் சேகரிப்போருக்குக் கிடைத்த நன்மை பெரிது. பின்புறம் கோடில்லாமல் இருந்தால் அது அச்சால் முற்பட்டது, கோடிருந்தால் பிற்பட்டது. பள்ளி மாணவரும் ஒரு நொடியில் கண்டறியத்தக்க அடையாளம் இது.

இவ்வட்டைகளுக்கான படங்களை எடுத்தவர் யாவர்? சிங்கப்பூரில் முதலிற் குறிக்க வேண்டிய பெயர் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்தினுடையது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவரான லாம்பர்ட் 1867 இல் சிங்கப்பூரில் புகைப்பட நிலையம் திறந்தார். இடையில் விட்டுச் சென்று, 1877 இல் மீண்டும் வந்து தொழிலை நிலைநிறுத்தினார். சயாம் மன்னருக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் புகைப்படக்காரர் என்ற சிறப்பு அந்நிறுவனத்துக்கு இருந்தது. பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றி 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த பெருநூலொன்று, அந்நிறுவனத்திடம் ஏறத்தாழ 3,000 காட்சிப் படங்கள் இருந்ததாகவும், ஆண்டுக்குச் சுமார் 2,50,000 அஞ்சலட்டைகள் விற்பனையானதாகவும் கூறுகின்றது. ஓர் அட்டைக்கு ஒருவர் எனக் கொண்டாலும் எத்தனை கைகள் சிங்கப்பூர்த் தெருவைத் தொட்டிருக்கும்! பினாங்கில் கவுல்ஃபஸ் என்னும் ஜெர்மானியர் இத்தொழிலிற் புகழ் பெற்றார். சுமத்திராவின் மேடானில் நிலையம் நடத்திய கிளைங்குரோத்தேயின் படங்களும் மலாயாக் காட்சிகளாக விலைபோயின. பின்னர்ப் பெருங்கடைகளும் அஞ்சல்தலை வணிகரும் சீன, ஜப்பானியப் புகைப்பட நிலையத்தாரும் இவ்வணிகத்தில் இறங்கினர்.

இப்பெயர்களுக்கிடையே பினாங்கு அட்டைகள் சிலவற்றின் ஓரத்தில் எஸ். எம். மாணிக்கம் என்னும் பெயர் வெளியீட்டாளர் பெயராக ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றது. தமிழர் அந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியதோடு நிற்கவில்லை. அந்தத் தெருக்களையே படமாக்கி விற்கும் வணிகத்திலும் பங்கு கொண்டனர் என்பதற்கு அந்தச் சிறிய அச்செழுத்துகளே போதிய சான்று. அட்டையின் படத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை. ஓரத்தையும் பின்புறத்தையும் படிப்பவருக்கே இச்செய்தி கிட்டும்.

எடுத்த படம் அட்டையாக மாறிய இடம் பெரும்பாலும் மலாயா அன்று. கண்ணாடித் தகட்டிலிருந்து எடுத்த படி கப்பலேறி ஜெர்மனிக்குச் செல்லும். அங்கு, சிறப்பாகச் சாக்சனி வட்டாரத்து அச்சகங்களில், 'காலோடைப்' என்னும் முறையில் அச்சாகி மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். அம்முறையில் பசை பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்தே நேராக அச்சிடுவர். ஆதலால் இக்கால அச்சுப் படங்களிற் காணும் ஒழுங்கான புள்ளிகள் அவற்றில் இரா. மெல்லிய சுருக்கங்கள் போன்ற நுண்கோலமே தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் உண்மை அட்டையையும் பிற்கால மறுபதிப்பையும் பிரித்தறிய இதுவே முதல் வழி. பழைய அட்டை என்று விலை சொல்லப்படுவனவற்றுள் மறுபதிப்புகள் மலிந்துள்ளமையால் இவ்வெச்சரிக்கை வேண்டப்படுகின்றது.

வண்ண அட்டைகளைப் பற்றி ஒரு சொல். அக்காலத்துப் புகைப்படம் கறுப்பு வெள்ளையே. அதன்மீது வண்ணம் ஏற்றியவர் ஜெர்மன் அச்சகத்துத் தொழிலாளி. அவர் சிங்கப்பூரைக் கண்டவரல்லர்; தமிழரின் வேட்டியையோ பெண்களின் சேலையையோ அறிந்தவரல்லர். குறிப்பு அனுப்பப்பட்டிருந்தால் அதன்படியும், இல்லையேல் தம் மனம் போனபடியும் வண்ணம் தீட்டினார். எனவே ஓர் அட்டையிற் கூலித் தொழிலாளியின் வேட்டி கிளிப் பச்சையாக இருப்பதைக் கண்டு, அக்காலத் தமிழர் பச்சை வேட்டி உடுத்தினர் என்று முடிவு கட்டுதல் கூடாது. இத்தகைய முடிவுகளை நம்மவர் சிலரே பெருமையோடு எழுதியிருப்பதுதான் வருந்தத்தக்கது. வடிவத்துக்குப் புகைப்படம் சான்று. வண்ணத்துக்கு அட்டை சான்றன்று.

சிங்கப்பூர், பினாங்கு அட்டைகள் மிகுதியாகவும் கோலாலம்பூர் அட்டைகள் குறைவாகவும் கிடைப்பதன் காரணம் எளிது. ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற கப்பல்கள் முன்னிரண்டு துறைமுகங்களிலும் நின்றன. பயணிகள் கரையிறங்கிச் சில மணி நேரம் ஊரைச் சுற்றிப் பார்த்து, நாலைந்து அட்டை வாங்கி எழுதி அஞ்சலிற் சேர்த்துவிட்டுக் கப்பலேறினர். கோலாலம்பூருக்குச் சென்றவர் பெரும்பாலும் தொழிலுக்கும் பதவிக்கும் சென்றவரே. அங்கே 1897 இல் கட்டி முடிக்கப்பட்ட அரசாங்க அலுவலகக் கட்டடம், பிற்காலத்தில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப் பெயர் பெற்றது, அட்டைகளில் அடிக்கடி காணப்படும். 1910 இல் எழுந்த இரயில் நிலையமும் அவ்வாறே. கோலாலம்பூரின் தெருக்களைக் காட்டும் அட்டைகளுள் மனத்தைத் தொடுவன 1926 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் காட்டுவன. அவை ஜெர்மனியில் அச்சான வண்ண அட்டைகள் அல்ல. உள்ளூரிலேயே புகைப்படத் தாளில் உடனுக்குடன் படியெடுத்து விற்கப்பட்டவை. கடைத்தெரு ஆறாகிக் கிடப்பதையும், அதில் மக்கள் நிற்பதையும் அவற்றில் காணலாம். செய்தித்தாளுக்கு முன்னரே செய்தியைக் காட்டிய அட்டைகள் அவை எனலாம்.

இனித் தெருக்களுக்கு வருவோம். அட்டைகள் காட்டும் தெருக்களுக்கு அவற்றின் கீழே அச்சிட்டிருப்பது ஆங்கிலப் பெயர். அத்தெருக்களில் நடந்த தமிழர் வேறு பெயர் வைத்து வழங்கினர். சிங்கப்பூரின் தெருக்களுக்கு மக்கள் வழங்கிய பெயர்களை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாட்டன் என்னும் ஆங்கிலேயர் தொகுத்து வெளியிட்டார். மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர் 'செட்டித் தெரு' என்றனர். செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கிருந்தமையால் வந்த பெயர் அது. கிராஸ் ஸ்திரீட்டைப் 'பால்கடைச் சடக்கு' என்றனர். மாடு வைத்துப் பால் விற்றவர் அங்கு வாழ்ந்தமையே காரணம். மலாய்க்காரரும் அப்பகுதியைப் 'பால் கம்பம்' என்னும் பொருள்பட 'கம்போங் சூசு' என்றே அழைத்தனர். 'சடக்கு' என்னும் சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்து மலாயாத் தமிழிற் சாலையைக் குறிக்க நிலைத்துவிட்டது. தோட்டப் புறங்களில் வளர்ந்த முதியோருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. பினாங்கின் மார்க்கெட் ஸ்திரீட்டோ இன்றளவும் தமிழருக்குக் 'கடைத்தெரு'தான்.

ஆங்கிலப் பெயர்களுள் ஒன்று தனியே எடுத்துரைக்கத்தக்கது. சிங்கப்பூரின் வணிகப் பகுதியில் 'கிளிங் ஸ்திரீட்' என்று ஒரு தெரு இருந்தது. பழைய அட்டைகளில் அப்பெயர் தயக்கமின்றி அச்சிடப்பட்டிருக்கும். 'கிளிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் வழியே வந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறித்த பழைய மலாய்ச் சொல். தொடக்கத்தில் அதில் இழிவு இல்லை. காலப்போக்கில் ஏளனமும் இகழ்ச்சியும் அதில் வந்து ஏறின. இந்தியர்கள் அப்பெயருக்கு மறுப்புத் தெரிவித்ததன் விளைவாக 1920களின் தொடக்கத்தில் அத்தெரு 'சூலியா ஸ்திரீட்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறிய தெருவை வரைபடத்தில் மாற்றிவிடலாம். அட்டையின் அடியில் அச்சான பெயரை மாற்ற இயலாது. அதனால் அந்த அட்டையைத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் கையிற் கொடுக்கும் ஆசிரியர், அந்தச் சொல்லின் பிறப்பையும் வீழ்ச்சியையும் சேர்த்தே சொல்ல வேண்டியவராகின்றார். மறைத்து வைப்பதாற் பயனில்லை.

தெருவைப் போலவே மனிதருக்கும் அடைமொழி கொடுத்தே அட்டைகள் அச்சிட்டன. 'தமிழ்ப் பெண்', 'செட்டி', 'கிளிங் வண்டிக்காரன்', 'வண்ணான்' என்று வகைப்படுத்தி, ஆளை நிலையத்துக்கு அழைத்து வந்து திரையின் முன் நிறுத்தி எடுத்த படங்கள் பல. அவற்றில் அம்மனிதர் தம் தொழிலின் மாதிரிப் பொருளாகவே நிறுத்தப்பட்டார். தெருக்காட்சி அட்டைகளின் சிறப்பு இங்குதான் விளங்குகின்றது. அவற்றில் தமிழர் படத்துக்காக நிற்கவில்லை. புகைப்படக்காரர் கட்டடத்தைக் குறிவைத்தார். அவர் விரும்பியோ விரும்பாமலோ மனிதர்கள் உள்ளே வந்து விழுந்தனர். வண்டிக்காரர் மாட்டின் கழுத்துப் பட்டையைச் சரி செய்கின்றார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தலையிற் சுமையோடு விரைகின்றார். அஞ்சடியின் தூண் நிழலில் இருவர் குந்தியிருந்து பேசுகின்றனர். தொழிலாளியைத் தொழிலாளியாகவும் மனிதனை மனிதனாகவும் காட்டுவது இந்தத் தற்செயலே. திரைமுன் எடுத்த நூறு படங்களைவிடத் தெருவில் தானாக விழுந்த ஒரு படம் வரலாற்றாசிரியனுக்குப் பெரிதாகும்.

பழைய தெருப்படங்களில் தெரு வெறிச்சோடிக் கிடப்பது போலத் தோன்றுவதுண்டு. அதற்குக் காரணம் கூட்டம் இன்மையன்று. தொடக்கக் காலத் தகடுகளுக்கு ஒளி படப் பல நொடிகள் வேண்டியிருந்தன. நின்றவர் பதிந்தார், நடந்தவர் புகையாகக் கரைந்தார். உற்றுப் பார்த்தால் தெருவின் நடுவே ஆவி போன்ற கறைகள் தென்படும். அவை மனிதர். வேகமான உலர்தகடுகள் பரவிய பின்னரே நடக்கும் கால்களும் சுழலும் சக்கரமும் தெளிவாகப் படத்தில் விழலாயின. இதனை உணராதார், அக்கால நகரங்கள் அமைதி மிக்கவையாக இருந்தன என்று எழுதிவிடுவர்.

ஓர் அட்டையின் காலத்தைக் கணிப்பதே இத்துறையின் சுவை மிக்க பகுதி. இங்கே மூன்று காலங்களைப் பிரித்துணர வேண்டும்: படம் எடுத்த காலம், அட்டை அச்சான காலம், அஞ்சலிற் சேர்த்த காலம். இவை ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. நல்ல தகடு ஒன்று கையில் இருந்தால் வணிகர் அதனைப் பத்து, இருபது ஆண்டுகள் வரை பயன்படுத்தினர். 1880களில் எடுத்த படம் 1900களில் அட்டையாகிப் பின்னும் பல ஆண்டு கழித்து அஞ்சலாகியிருக்கலாம். அஞ்சல் முத்திரையில் 1910 என்று கண்டவுடன் '1910 இல் சிங்கப்பூர்' என்று பாடநூலிற் படத்தின் கீழ் எழுதுவது பெரும்பிழை. அந்த முத்திரை தருவது ஓர் எல்லையை மட்டுமே. படம் அதற்குப் பிற்பட்டதன்று என்பதே அதன் பொருள்.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1827 இல் நாராயண பிள்ளையால் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில் இச்சாலையில் உள்ளது. தென்னிந்திய முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் அருகிலேயே உள்ளது. ஆகவே இச்சாலையின் அட்டைகளைத் தமிழர் இருமடங்கு ஆவலோடு பார்ப்பது இயல்பு. கோயிலின் பழைய மூன்று நிலைக் கோபுரம் 1903 இல் எழுந்தது. மெலிந்த உருவமும் படிப்படியான அடுக்கும் உடையது. அதனை மாற்றி இன்றைய கோபுரம் 1925 இல் கட்டப்பட்டது. இனி இச்சாலையில் மின்சார டிராம் ஓடியது 1905 முதல் 1927 வரை. அதற்கு முன் 1886 முதல் 1894 வரை நீராவி டிராம் ஓடியிருந்தாலும் அதற்கு மேலே கம்பி இல்லை. இப்போது ஓர் அட்டையில் பழைய கோபுரமும் சாலையின் மேலே மின்கம்பியும் ஒருங்கே காணப்பட்டால் அப்படம் 1905 க்கும் 1925 க்கும் இடைப்பட்டது என்பது உறுதி. அதன் பின்புறத்தில் ஏழாம் எட்வர்டின் தலை பொறித்த அஞ்சல்தலையும் 1908 ஆம் ஆண்டு முத்திரையும் இருந்தால், எல்லை மூன்று நான்கு ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். கணிதத்தில் வரும் எல்லைகளைப் போலவே இதுவும் இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் வழிதான். மாணவர்க்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பயிற்சி கிடைப்பது அரிது.

இவ்வகை அடையாளங்கள் வேறு பலவும் உண்டு. பினாங்கில் விக்டோரியா அரசியாரின் வைர விழாவின் நினைவாகச் சீயா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் எழுப்பிய மணிக்கூண்டு 1902 இல் நிறைவுற்றது. துறைமுகத்தருகே எடுத்த படத்தில் அது இல்லையேல் படம் பழையது. அங்கு மின்சார டிராம் 1906 இல் தொடங்கி 1936 இல் நின்றது. சிங்கப்பூரில் இராஃபிள்ஸ் சிலை 1887 முதல் பாடாங் திடலில் நின்று, 1919 இல் எம்பிரஸ் பிளேசுக்கு இடம் மாறியது. ரிக்‌ஷா வண்டிகள் சிங்கப்பூருக்கு 1880 இல் வந்தவை. ஆகவே ஒற்றை ரிக்‌ஷாவும் இல்லாது குதிரை வண்டிகள் மட்டுமே நிற்கும் தெரு பழையதாதல் கூடும். ஆனால் இதனை உறுதியாகக் கொள்ளலாகாது. ஒன்று இல்லாமை சான்றாவதற்குப் படத்தின் பரப்பு பெரிதாக இருத்தல் வேண்டும். கோலாலம்பூர் ஹை ஸ்திரீட்டில் 1885 முதல் இருந்துவரும் மகாமாரியம்மன் கோயிலின் இன்றைய இராஜகோபுரம் 1972 இல் நிறைவுற்றது. அக்கோபுரத்தைப் பழைய அட்டைகளில் தேடிக் காணாமல், கோயிலே இல்லை போலும் என்று மயங்குவார் உண்டு.

அட்டையின் முன்புறத்தைப் பற்றி இத்துணை சொன்ன பின் பின்புறத்துக்கு வரவேண்டும். எழுதியவர் பெரும்பாலும் ஐரோப்பியர். 'வெயில் கொடியது', 'நாளை ஹாங்காங் புறப்படுகின்றோம்', 'படத்திற் காணும் வண்டியில் ஏறிப் பார்த்தோம்' என்பன போன்ற செய்திகளே மிகுதி. அற்பச் செய்தி என்று இவற்றை ஒதுக்குதல் ஆகாது. கப்பல் எந்நாளில் எங்கு நின்றது, கடிதம் எத்தனை நாளிற் போய்ச் சேர்ந்தது என்பனவெல்லாம் இவற்றிலிருந்தே தெரிகின்றன. அஞ்சல்தலை சேகரிப்போர் முற்காலத்திற் செய்த அழிவு இங்குச் சுட்டத்தக்கது. அவர்கள் அட்டையை நீரில் ஊறவைத்துத் தலையை உரித்தெடுத்துவிட்டு அட்டையை எறிந்தனர். எறியாமல் எஞ்சியவற்றிலும் முத்திரையின் பாதி தலையோடு போய்விட்டது. ஒரு சேகரிப்பு மற்றொரு சேகரிப்பை அழித்த கதை இது. இன்றோ வேறொரு வகை இழப்பு நிகழ்கின்றது. அட்டைகளைக் கணினியிற் பதிவோர் பலர் படத்தை மட்டும் பதிந்து, ஓரத்து வெள்ளையையும் அச்சிட்ட தலைப்பையும் வெட்டிவிடுகின்றனர். பின்புறத்தைப் பதிவதே இல்லை. வெளியீட்டாளர் பெயர், வரிசை எண், முத்திரை, எழுத்து ஆகிய யாவும் இதனால் நீங்கிவிடுகின்றன. மாணிக்கத்தின் பெயர் இருந்த ஓரம் அவ்வாறுதான் போகின்றது.

இந்த அட்டைகள் இன்று எங்கே இருக்கின்றன? எழுதப்பட்டவை ஐரோப்பாவுக்கே சென்றமையால், அங்குள்ள வீடுகளின் பரண்களிலும் பழம்பொருட் கடைகளிலும்தான் அவை பல்லாண்டு கிடந்தன. மலாயாவின் தெருவைக் காண விரும்பிய மலேசியரும் சிங்கப்பூரரும் அவற்றை இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் விலை கொடுத்து மீட்டு வர வேண்டியதாயிற்று. சீயா ஜின் செங் என்பாரின் தொகுப்பிலிருந்து சிங்கப்பூர், மலாயா, பினாங்கு ஆகியவற்றைப் பற்றி 500 அட்டைகள் கொண்ட நூல்கள் 2006 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. பினாங்கு அட்டைகளைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன், மால்கம் வேட் ஆகியோரின் நூல் 2003 இல் வெளிவந்தது. ஜார்ஜ் டவுன் 2008 ஆம் ஆண்டு உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட பின்னர், பழைய கடைவீடுகளைச் செப்பனிடுவோர் சாளரத்தின் வடிவத்தையும் ஓட்டுக் கூரையின் சாய்வையும் அறிய இத்தகைய படங்களை நாடுகின்றனர். கட்டடத்துக்கு இவ்வாறு ஆர்வலர் பலர் உளர். கட்டடத்தின் முன் நின்ற வண்டிக்காரரைப் பற்றிக் கேட்பவர் அரியர்.

சேகரிக்கப் புகுவோருக்குச் செலவு மிகும் என்ற அச்சம் உண்டு. துறைமுகம், திடல், பெருங்கட்டடம் ஆகியவற்றின் அட்டைகள் ஏராளமாக அச்சானவை; அவை எளிய விலைக்குக் கிடைக்கும. விலை மிகுவது, மக்கள் நடமாட்டம் தெளிவாகத் தெரியும் கடைத்தெருக்களுக்கும் சிற்றூர்களுக்குமே. தைப்பிங், ஈப்போ, கிள்ளான், சிரம்பான் முதலிய ஊர்களின் தெருக்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின. பள்ளியொன்று தன் ஊரின் அட்டைகளை மட்டும் திரட்டுவதென்று வரையறுத்துக் கொண்டால் பத்து அட்டைகளே போதும். பத்தும் பத்து வேறு தெருவாக இருக்க வேண்டுவதுமில்லை. ஒரே தெருவின் ஐந்து அட்டைகள் ஐந்து காலத்தைக் காட்டுமாயின் அதுவே மேல்.

பாதுகாப்பதிற் பகை நம் தட்பவெப்பமே. ஈரக் காற்றில் அட்டையில் பூஞ்சணம் பூக்கும்; பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; வெள்ளிமீன் பூச்சி பசையைத் தின்னும். மலிவான ஞெகிழி உறைகள் நாளடைவில் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே நன்று. ஒட்டுநாடாவை அட்டையின் அருகே கொண்டு செல்லவே கூடாது. கிழிந்தது கிழிந்தவாறே இருக்கலாம். சில ஆசிரியர்கள் ஆர்வ மிகுதியாற் சுவரொட்டி அட்டையில் இவற்றைப் பசையிட்டு ஒட்டி வகுப்பறையில் மாட்டுகின்றனர். ஒட்டிய அன்றே பின்புறம் என்றென்றைக்கும் போய்விட்டது. மாட்டுவதற்குப் படியெடுத்ததைப் பயன்படுத்தலாம்.

1914 இல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனிக்குச் சென்ற தகடுகளும் வரவேண்டிய அட்டைகளும் நின்றன. பிரிட்டிஷ் ஆட்சியில் ஜெர்மானியர் பகைநாட்டவராயினர். அவர்களின் வணிகம் முடங்கியது. லாம்பர்ட் நிறுவனமும் அக்காலத்தை ஒட்டியே மறைந்தது. போருக்குப் பின் அட்டை எழுதும் மோகமும் தணிந்தது. தொலைபேசியும் கையடக்கப் புகைப்படக் கருவியும் பரவின. தாமே படமெடுக்க வல்லவர் பிறர் எடுத்த படத்தை வாங்குவது குறைந்தது. உள்ளூர் நிலையத்தாரின் புகைப்படத்தாள் அட்டைகள் மட்டும் 1920களிலும் 1930களிலும் தொடர்ந்தன. அச்சில் அழகு குறைந்தவையாயினும், ஊர்த் திருவிழா, தேர், வெள்ளம், தீ, ஊர்வலம் என உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பதிந்தமையால் இவை முன்னவற்றினும் பயனுடையன. தமிழர் தம் குடும்பப் படங்களையும் இத்தகைய அட்டைத் தாளிலேயே எடுத்து ஊருக்கு அனுப்பி வந்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில், சட்டமிட்ட தாத்தாவின் படத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்புறம் அஞ்சலட்டைக் கோடு தெரிவது அதனால்தான்.

சவுத் பிரிட்ஜ் சாலை அட்டை ஒன்றின் பெரிய படியை வகுப்பில் வைத்து, அதில் உள்ளவர்களை எண்ணச் சொன்னால் மாணவர்கள் முதலில் டிராமையும் கோபுரத்தையும் காட்டுவர். பின்பு ரிக்‌ஷா இழுப்பவர்களை எண்ணுவர். பிறகு சீக்கியக் காவலரைக் காண்பர். கண்ணாடியைக் கையில் கொடுத்து மீண்டும் பார்க்கச் சொன்னால், சாலையோரத்தில் குனிந்து நிற்கும் ஓர் உருவத்தை யாரேனும் ஒருவர் கண்டெடுக்கலாம். கையில் துடைப்பமா, கழியா என்று வகுப்பு வாதிடும். அட்டையின் கீழே அச்சிட்டிருப்பது தெருவின் பெயர் மட்டுமே.